குளத்தைப் பார்க்கிற கண்

(நமது உரை நேரத்தில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் ஒரு தாய் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவருடைய மகன் உலோகத்தை அச்சடிக்கிற மெஷின் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "நாள் முழுக்க திரையில் ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். கை அழுக்காகவில்லை, சந்தோஷம்தான். ஆனால் இது ஒரு தொழிலா? நாளைக்கு நிலைக்குமா?" என்று கேட்டார். இந்தத் துறையில் தரப் பரிசோதகனாகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார்கள். பதில் சொல்வதற்கு முன் உங்களை ரங்கூனுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு என்று வந்த வழியைச் சொல்வீர்கள். என் வழி வேறு. ரங்கூன், பிறகு சென்னை வியாசர்பாடி, பிறகு இங்கே. 1964இல் நே வின் அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கியது. அதே வருடம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அந்தப் பத்தாண்டில் இந்திய வம்சாவளியினர் சுமார் மூன்று லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. அப்படிப் போனவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்பா ஆற்றுக்கு அக்கரையில் டல்லா கப்பல் பட்டறையில் வெல்டர். பழைய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் பட்டறை அது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1965இல் கப்பல் ஏறியபோது அவர் எடுத்துவந்த ஒரே தொழில் சாமான், முகமூடியில் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. மற்றதெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டது.

வியாசர்பாடியில் ஒரு கிரில் கடை ஓரத்தில் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் நான் முதன்முதலில் உருகிய இரும்பைப் பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் வெளிச்சத்தையே பார்த்தேன். அப்பா தலையில் தட்டினார். "நெருப்பைப் பார்க்காதே. குளத்தைப் பார்."

வெல்டிங் செய்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராடு நுனியில் எரிகிற வெளிச்சத்துக்குக் கீழே, இரும்பு உருகி ஒரு சின்னக் குளமாக நிற்கும். ராடை நகர்த்தினால் குளமும் கூடவே நகரும், பின்னால் உறைந்துகொண்டே வரும். வேலை முழுவதும் அந்தக் குளத்தில்தான் இருக்கிறது. கை மெதுவாகப் போனால் குளம் அகலமாகி, தகடு ஓட்டையாகிவிடும். வேகமாகப் போனால் உருகியது மேலே வரியாக உட்காரும், அடியைப் பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பெயர்ந்து வரும். அப்பா காதாலும் பார்ப்பார். சரியான வெல்டிங் அப்பளம் பொரிகிற மாதிரிச் சத்தம் போடும். சத்தம் விட்டு விட்டு வந்தால் திரும்பிப் பார்க்காமலே "நிறுத்து" என்பார். இத்தனைக்கும் அவர் கண் நல்ல கண் இல்லை. கண்ணாடி இல்லாமல் பார்த்த இரவுகளில், கண்ணில் மண் அள்ளிக் கொட்டினது போல எரிகிறது என்று உருளைக்கிழங்கு வில்லையை இமைமேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

இப்போது அந்த மகன் உட்கார்ந்திருக்கிற மெஷினுக்கு வருவோம்.

உள்ளே ஒரு தட்டு. அதன்மேல் மாவு போன்ற உலோகத் தூளை ஒரு தகடு இழுத்துப் பரப்பும். ஒரு அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைமுடியை விட மெல்லியது. மேலிருந்து லேசர் ஒளி, எந்த இடம் திடமாக வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் கோடு கோடாக உருக்கிக்கொண்டு போகும். தட்டு கொஞ்சம் கீழே இறங்கும். மறுபடி தூள், மறுபடி லேசர். ஆயிரக்கணக்கான அடுக்கு முடிந்தபின் தூளைத் தட்டிவிட்டால் உள்ளே பொருள் நிற்கும்.

"அச்சு" என்று பெயர் வைத்துவிட்டதால் ஏதோ காகித வேலை போலத் தோன்றுகிறது. உண்மையில் அது வெல்டிங். வெல்டிங்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர், அடுக்கு 0.04 மில்லிமீட்டர் என்றால், ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்துக்கு 250 மீட்டர் நீள வெல்டிங் ஆகிறது. நிக்கல் கலப்பு உலோகத்தில் ஒரு கிலோ பொருளுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை ஒரே வரி வெல்டிங்! நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனாலும் லேசர் எரிகிற நேரம் மட்டும் எட்டு மணிக்கு மேல். குளத்தின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. எந்த அப்பாவாலும் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால்தான் கேமரா வந்தது. (கமரா என்று உங்களில் பலர் சொல்வீர்கள், இரண்டும் ஒன்றுதான்.) பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ழான்-பியர் க்ரூத் குழுவினர் 2000களில் இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர்கள். லேசர் எந்தக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிக் கீழே போகிறதோ, அதே வழியாகக் குளத்தின் ஒளியும் மேலே திரும்பி வரும். அந்த வழியிலேயே கேமராவையும் ஓர் ஒளி உணரியையும் வைத்தார்கள். லேசர் எங்கே போனாலும் கண்ணும் அங்கே போகும், தேட வேண்டியதில்லை.

ஆனால் லேசரின் வெளிச்சம் கேமராவைக் குருடாக்கிவிடுமே? அங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேமராவின் முன் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைக்கிறார்கள். லேசரின் அலைநீளம் 1,060 நானோமீட்டரை ஒட்டியது. அது உள்ளே வராது. 780 முதல் 950 வரை உள்ள ஒளி மட்டும் வரும். அது உருகிய உலோகம் தன் சூட்டால் தானே விடுகிற ஒளி. சுருக்கமாகச் சொன்னால், நெருப்பைப் பார்க்காதே, குளத்தைப் பார். அப்பாவின் கறுப்புக் கண்ணாடி செய்ததும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

லூவன் கருவி நொடிக்குப் பத்தாயிரம் முறை அளவெடுத்தது. அவர்கள் கண்ட முதல் பெரிய பயன் தொங்குகிற இடங்களில். பொருளின் ஒரு பகுதி அடியில் பிடிப்பில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் கீழே திட உலோகம் இல்லை, தூள்தான் இருக்கிறது. தூள் சூட்டை அவ்வளவாகக் கடத்தாது. சூடு தேங்கிக் குளம் பெருத்து, அடிப்பக்கம் கரடுமுரடாக வழிந்துவிடும். குளம் பெருப்பதைக் கருவி கண்டவுடன் லேசரின் பலத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அடிப்பக்கம் சுத்தமாக வந்தது.

வேறொரு வகைக் கேமராவும் உண்டு. அது நகராது. மேலே ஓர் இடத்தில் நின்று, ஒரு அடுக்கு எரிந்து முடிகிற வரை கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுற்றும்போது படம் எடுத்தால் ஒளி வட்டமாக விழுமே, அதைப்போல அடுக்கு முழுவதும் ஒரே படமாக விழும். எங்கே சூடு குறைந்ததோ அங்கே கறை, எங்கே கூடியதோ அங்கே பளிச். ஜெர்மனியில் விமான எஞ்சின் செய்கிற எம்டியூ நிறுவனம் இதை வளர்த்தது. அச்சு மெஷின் செய்கிற இஓஎஸ் நிறுவனம் அதோடு சேர்ந்து 2017இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதெல்லாம் எதற்கு, முடிந்தபின் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு மறுபடியும் ரங்கூன்.

2019இல் ஐம்பத்து நான்கு வருடம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். இப்போது யாங்கோன். அனவ்ரதா சாலையில் காளியம்மன் கோயில் அப்படியே நிற்கிறது. அங்கே தமிழில் பேசினேன், தமிழில் பதில் வந்தது, கொஞ்சம் பர்மிய இழுப்போடு. மறுநாள் ஷ்வேடகன் பகோடாவுக்குப் போனேன். வடமேற்கு மூலையில் ஒரு மணி தொங்குகிறது. 1779 வாக்கில் சிங்கு மன்னன் வார்த்தது. எடை 23 டன்னுக்குக் குறையாது. 1825இல் ஆங்கிலேயப் படை அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் படகில் ஏற்றி, ஆற்றில் விட்டுவிட்டது. அவர்களால் எடுக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டு, அடியில் மூங்கில் கட்டி மிதக்கவைத்து எடுத்து, பழைய இடத்திலேயே தொங்கவிட்டார்கள். பறிபோன பொருள் திரும்பிவந்த கதை நமக்கெல்லாம் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய மணி ஒன்று திரும்பவே இல்லை. தம்மசேதி மன்னன் 1484இல் வார்த்தது; எடை 290 டன்னுக்கு மேல் என்று சொல்கிறார்கள். சிரியத்தை ஆண்ட போர்த்துக்கீசியர் பிலிப் த பிரிட்டோ 1608இல் அதை உருக்கிப் பீரங்கி செய்யக் கொண்டுபோனபோது, பகோ ஆறும் ரங்கூன் ஆறும் சேருகிற இடத்தில் மூழ்கியது. இன்றுவரை தேடுகிறார்கள். அந்த மணியைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. நாள் சரியில்லை, இப்போது வார்க்காதீர்கள் என்று அரண்மனை ஜோதிடர் சொன்னாராம். மன்னர் கேட்கவில்லை. வார்த்து முடித்துத் தட்டிப் பார்த்தால் நாதம் நன்றாக இல்லையாம்.

ஜோதிடத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வார்ப்புக்காரரைக் கேட்டிருந்தால், உள்ளே காற்றுக் குமிழி என்றோ, ஒரு பக்கம் சீக்கிரம் உறைந்துவிட்டது என்றோ சொல்லியிருப்பார். யாராலும் அதை நிரூபிக்க முடியாது. வார்ப்பில் உலோகம் அச்சுக்குள் போய்விட்டால் அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் பஞ்சலோகம் ஊற்றும்போதும் இதுதான். மண் அச்சை உடைக்கிற வரை மனசு படபடவென்று இருக்கும். உடைத்தபின்னும் வெளித்தோல்தான் தெரியும்.

அடுக்கடுக்காகச் செய்வதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பொருளின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு இடமும் ஏதோ ஒரு நிமிடத்தில் மேல்பரப்பாக இருந்தது. அந்த நிமிடத்தில் அதைப் பார்த்துவிடலாம். அதற்கு அடுத்த அடுக்கு விழுந்துவிட்டால் மூடிவிடும். பிறகு எக்ஸ்ரே ஸ்கேன்தான், அதற்குச் செலவு அதிகம், கனமான பொருளில் தெளிவும் குறையும்.

இனி என்ன கோளாறு வரும் என்று சொல்கிறேன். அப்பா சொன்ன அதே இரண்டுதான். சூடு போதவில்லை என்றால் தூள் முழுக்க உருகாமல் அடுக்குகளுக்கு நடுவில் தட்டையான இடைவெளி நிற்கும். பளு வந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். சூடு கூடிவிட்டால் உலோகம் கொதித்து ஆவியாகி, குளத்தின் நடுவில் ஆழமான குழி விழும். அந்தக் குழி ஆடி, அடியில் மூடிக்கொண்டால் ஒரு குமிழி சிறைப்பட்டுவிடும். இதை நேரில் பார்க்க அமெரிக்காவில் ஆர்கான் ஆய்வகத்தின் பலமான எக்ஸ்ரே ஒளியைப் பயன்படுத்தி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் மற்றவர்களும் படம் பிடித்து 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மேலேயிருந்து பார்க்கிற கேமராவுக்கு அந்தக் குழியின் அடி தெரியாது. மேற்பரப்பின் ஒளியை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இன்னொன்று: பளிச்சென்று தெரிவதெல்லாம் அதிகச் சூடு என்று அர்த்தமில்லை. உலோகப் புகை குறுக்கே வந்தாலும், கண்ணாடியில் கரி படிந்தாலும், பார்க்கிற கோணம் மாறினாலும் வெளிச்சம் மாறும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் இருந்த ஒரு தொழிற்சாலையில், முல்லைத்தீவுக் குடும்பத்துப் பெண் பிள்ளை ஒருத்தி மெஷின் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் படத்தில் ஒரே இடத்தில் ஏழெட்டு அடுக்குக்குக் கறை விழுந்திருக்கிறது என்று வந்து சொன்னாள். அளவு சரி, மேல்தோல் சுத்தம், அனுப்பிவிடலாம் என்று மேலாளர் சொன்னார். அவள் விடவில்லை. "அங்கிள், வெட்டிப் பாருங்கோ" என்று என்னிடம் வந்து நின்றாள். வெட்டினோம். மெருகேற்றி நுண்நோக்கியில் வைத்தால், உள்ளே உருகாத தூள் மணி மணியாக இருக்கிறது! அது ஒரு வாகனத்தின் பாரம் தாங்குகிற பாகம்.

கதை அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த இரண்டு மாதத்தில் கேமரா காட்டிய நான்கு பொருளை வெட்டினோம். நான்கிலும் ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த நான்கு பாகம் குப்பைக்குப் போனது. புலி வருகிறது கதை ஆகிவிட்டது. அதன் பிறகு அவள் சொன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் மோசமாக, ஒரு தொகுதி கெட்டுப்போனபோது கேமராப் பதிவை எடுத்துவைத்து, இந்த நேரத்தில் நீ ஏன் நிறுத்தவில்லை என்று அவளையே கேட்டார்கள். தூள் ஈரமாக இருந்தது பிறகுதான் தெரிந்தது. குளத்தைப் பார்க்க வைத்த கண், ஆளைப் பார்க்கத் திரும்புவதற்கு அதிக நாள் ஆவதில்லை. நம் பிள்ளைகள் பல பேர் இரவு ஷிஃப்டில் தனியாக அந்த மெஷின் முன்னால் இருக்கிறார்கள். நான் பார்த்த கறையை இத்தனை மணிக்கு இன்னாரிடம் சொன்னேன் என்று தன் கையால் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவள் அப்படித்தான் தப்பித்தாள்.

தாயகப் பக்கத்துச் செய்திகளும் இரண்டு சொல்ல வேண்டும். 2024 மே 9ஆம் தேதி, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ஒரு ராக்கெட் எஞ்சினை 665 நொடி எரித்துச் சோதித்தது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின். இந்தத் தூள்-லேசர் முறையில் விப்ரோ 3டி செய்தது. முன்பு 14 பாகம், இப்போது ஒரே பாகம். 565 கிலோ உலோகம் பிடித்த இடத்தில் 13.7 கிலோ தூள். அதே மாதம் 30ஆம் தேதி, சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினோடு தன் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. நான்கு முறை தள்ளிப்போய் ஐந்தாவது முறை பறந்தது.

இஸ்ரோ அறிவிப்பில் ஒரு வரி என்னை உறுத்தியது. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வெல்டரின் மகனுக்கு அது எப்படி இருக்கும்? பத்தொன்பது இணைப்பு என்பது யாரோ ஒருவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துச் செய்த வேலை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது: அவை போகவில்லை, எண்ண முடியாத அளவுக்குப் பெருகி உள்ளே போய்விட்டன. பத்தொன்பதைச் சோதித்தவர்கள் இனி கிலோமீட்டர் கணக்கில் சோதிக்க வேண்டும்.

யாங்கோனில் இந்த உலோக மெஷினைத் தேடி நான் போகவில்லை. அங்கே ப்ராக்ஸிமிட்டி டிசைன்ஸ் என்ற நிறுவனம் விவசாயக் கருவிகளின் மாதிரிப் பாகங்களை முப்பரிமாண அச்சில் செய்து பார்த்தது பற்றிப் படித்திருந்தேன். அது பிளாஸ்டிக். உலோக அச்சுக்கு நாள்கணக்கில் தடையில்லாத மின்சாரம் வேண்டும். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த ஊர் முறை வைத்து மின்வெட்டில் தவித்ததை நினைத்தால், அடுக்கு நடுவில் நின்றுபோன பொருள்தான் கண்முன் வருகிறது.

ஆனால் டல்லாவுக்குப் போனேன். பன்சோடான் துறையில் படகு ஏறினால் சில நிமிடம். அப்பாவின் பட்டறைப் பக்கம் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஆற்றோரம் ஒரு படகைத் திருப்பிப் போட்டு ஒரு பையன் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான். முகமூடி இல்லை, வெறும் வெயில் கண்ணாடி. அவனிடம் பேச எனக்குப் பர்மிய மொழி மறந்துபோயிருந்தது. சத்தத்தை மட்டும் கேட்டேன். அப்பளச் சத்தம், விடாமல் வந்தது.

சரி, அந்தத் தாயின் கேள்வி. திரையைப் பார்க்க மட்டும் தெரிந்தவனுக்கு இது நிலைக்காது. அந்தப் படங்களைப் பிரித்துப் பார்க்கக் கணினிக்கே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிலோ பொருளுக்கு முப்பது கோடி அளவு வருகிறது, மனிதனால் முடியாது. ஆனால் கணினி காட்டிய கறை உண்மையா பொய்யா என்று சொல்ல, உலோகம் தெரிந்த ஆள் வேண்டும். வெட்டத் தெரிய வேண்டும், மெருகேற்றிப் பார்க்கத் தெரிய வேண்டும், வெல்டிங் பரிசோதனைச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. மாலை வகுப்பாகவே படிக்கலாம்.

அம்மா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றைக்கு மகன் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது ஒன்று கேளுங்கள். "தம்பி, அந்த வெளிச்சப் புள்ளி திடீரென்று பெரிதானால் என்ன காரணம்?" அடியில் திட உலோகம் இல்லாமல் தூள் இருக்கலாம், லேசர் திரும்புகிற முனையில் வேகம் குறைந்திருக்கலாம், லேசரின் குவியம் தவறியிருக்கலாம் என்று இரண்டு காரணமாவது சொன்னால், சோற்றைப் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருங்கள். தெரியாது, பெரிதானால் சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னால், நிலையத்துக்கு மறுபடி கூப்பிடுங்கள். நான் அவனோடு பேசுகிறேன்.